'எ' இல்லாத லிட்டில்

வசந்த் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து பதினோராம் நாள் மருத்துவமனை அறிக்கை வந்தது. மஸ்கட்டில் அவன் வேலை பார்த்த கம்பெனியின் அலுவலகத்திலிருந்து அதை சுகுணாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது அவசரத்துக்கு யார் எண் என்று கேட்ட இடத்தில் அவன் அக்காவின் எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருந்தான். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் அவள்தான்.

சுகுணாவுக்கு நாற்பத்து நான்கு வயது. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. வசந்த் அவளைவிடப் பதின்மூன்று வயது இளையவன். அம்மா இறந்தபோது அவன் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவனுக்குத் தலை சீவிவிட்டதும் காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் சுகுணாதான். கல்யாணமாகித் தஞ்சாவூருக்குப் போனவள், பதினோரு வருடங்களுக்கு முன் கணவனைச் சிறுநீரகக் கோளாறில் பறிகொடுத்து அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தாள். வசந்த் அப்போது டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவோடு தென்னந்தோப்பையும் மல்லிகைக் கொல்லையையும் பார்த்துக்கொண்டிருந்தான். கஜா புயலில் எழுபது தென்னை ஒரே ராத்திரியில் சாய்ந்தன. பூ மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்று அவன் மஸ்கட் போனான். சாரம் கட்டும் பிரிவில் மேற்பார்வை வேலை. மூன்றாவது தட்டில் பலகை நழுவியது. விழுந்த வேகத்தில் தலை இரும்புச் சட்டத்தில் மோதியது.

அறிக்கையை சுகுணா ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படித்தாள். ஒன்றரைப் பக்கம். மருத்துவச் சொற்கள் பாதி புரியவில்லை. ஆனால் ஒரு சொல் நான்கு இடத்தில் வந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொல்.

லிட்டில்.

ஒவ்வொரு ஆண்டும் ஒன்பதாம் வகுப்புக்கு அந்தச் சொல்லுக்காகவே அவள் இரண்டு பீரியட் ஒதுக்குவாள். பிள்ளைகளுக்கு லிட்டில் என்றால் சின்னது, அவ்வளவுதான். லிட்டில் பிரதர் என்றால் தம்பி, லிட்டில் ஃபிங்கர் என்றால் சுண்டுவிரல், லிட்டில் பை லிட்டில் என்றால் சிறுகச் சிறுக. இதுவரைக்கும் ஒன்றும் சிக்கல் இருக்காது. அதற்கு மேல்தான் வரும். 'எ லிட்டில்' என்றால் கொஞ்சம் இருக்கிறது என்று பொருள். முன்னால் அந்த 'எ' இல்லாமல் வெறும் 'லிட்டில்' என்று போட்டால், இல்லை என்றே பொருள். ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் இருப்பது எப்படி இல்லாமல் போகும் என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். சுகுணா கிணற்றை வைத்துச் சொல்லிக்கொடுப்பாள். "கெணத்துல எ லிட்டில் வாட்டர் இருந்தா மோட்டார் போடலாம். லிட்டில் வாட்டர்னா மோட்டாரக் கழட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துறலாம். வெள்ளைக்காரன் மொகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்லக் கூச்சப்படுவான். அதுக்காக வச்சிருக்க வார்த்தை இது." வகுப்பு சிரிக்கும். பரீட்சையில் பாதிப் பேர் மறுபடியும் தப்பாகத்தான் எழுதுவார்கள்.

அறிக்கையில் முதல் இடத்தில், இடது கையின் சுண்டுவிரல் ஒருமுறை அசைந்ததாக இருந்தது. இரண்டாவது இடத்தில், மூளையில் 'எ லிட்டில்' வீக்கம் குறைந்திருப்பதாக. மூன்றாவது இடத்தில், கண்ணில் ஒளி அடித்தால் 'லிட்டில்' மாற்றம். கடைசிப் பத்தியில், நினைவு திரும்ப 'லிட்டில் ஹோப்'.

அந்தச் சொல்லுக்கு முன்னால் 'எ' இருக்கிறதா என்று அவள் திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். இல்லை.

அதே தாளின் அடியில் கம்பெனிக்காரர்கள் தனியாக எழுதியிருந்தார்கள். குடும்பத்தில் ஒருவர் வந்து பார்க்க விரும்பினால் விசாவுக்கும் பயணச்சீட்டுக்கும் தாங்களே ஏற்பாடு செய்வதாகவும், கடவுச்சீட்டு உள்ளவராக இருந்தால் மூன்று நாளில் அழைத்துக்கொள்ள முடியும் என்றும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் தெரிவிக்கும்படியும்.

வீட்டில் கடவுச்சீட்டு இருந்தது மணிமேகலைக்கு மட்டும்தான்.

மணிமேகலை வசந்தின் மனைவி. இருபத்து நான்கு வயது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர் அவளுடையது. ஒன்பதாவதும் பத்தாவதும் கீரமங்கலத்தில் தாய்மாமன் வீட்டில் தங்கி, சுகுணாவிடம்தான் ஆங்கிலம் படித்தாள். அந்தப் பழக்கத்தில் கல்யாணத்துக்குப் பிறகும் அவளுக்கு வாயில் 'டீச்சர்' என்றுதான் வரும். மதனி என்று கூப்பிடச் சொல்லி உறவுக்காரர்கள் எத்தனையோ முறை திருத்தினார்கள். வசந்துக்கு அது பிடித்திருந்தது. டீச்சரின் தம்பியைக் கட்டிக்கொண்டவள் என்று கேலி செய்வான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர்கள் சேர்ந்து இருந்தது இரண்டு விடுமுறை, மொத்தம் எழுபத்தெட்டு நாள். அடுத்த வருடம் அவளையும் கூட்டிப்போய்விடுவதாகச் சொல்லி அவன்தான் கடவுச்சீட்டு எடுக்க வைத்திருந்தான்.

அன்று மாலை வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது, போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சுகுணா நினைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் அப்பா ஆத்மநாதன் சாக்கில் உட்கார்ந்து மறுநாள் பறிப்புக்குக் கூடைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயது. இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மணிமேகலை கதவுப் பக்கம் நின்றிருந்தாள். வசந்த் விழுந்த செய்தி வந்ததிலிருந்து அவள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அறிக்கை வரும் என்று இன்னாசி முந்தின நாளே சொல்லியிருந்ததால் இரண்டு பேரும் அதற்காகக் காத்திருந்தார்கள். இன்னாசி வசந்தோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர். மீமிசல்காரர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வெளிநாடு போனவர்.

"வந்துச்சா டீச்சர்?" என்று மணிமேகலை கேட்டாள்.

வந்தது என்று சொல்லி சுகுணா செருப்பைக் கழற்றினாள். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மணிமேகலை கேட்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுகுணாவுக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி நினைவு வந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் அந்த நடைபாதையில் ஓர் இளம் டாக்டர், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "இனிமே ஒன்னும் இல்லம்மா, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். அவர் சொன்ன விதம், அவருடைய சட்டைப் பையில் இருந்த பச்சைப் பேனா எல்லாம் அவளுக்கு இன்னும் கண்ணில் இருந்தது. அதே போல ஒருத்தியிடம் தான் சொல்ல வேண்டும் என்பது அந்த நிமிடத்தில் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"வீக்கம் கொறஞ்சிருக்காம். சுண்டுவெரலு அசைஞ்சிச்சாம்" என்றாள். அது இரண்டும் உண்மை. பிறகு, "கொஞ்சம் நம்பிக்கை இருக்குன்னு எழுதிருக்காங்க" என்றாள்.

மணிமேகலை நிலையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். எந்தக் கை, எந்த விரல் என்று கேட்டாள். இடது கை என்று சுகுணா சொன்னதும் தன்னுடைய இடது சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டாள். அன்று இரவு அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். சாப்பிட்ட இடத்திலேயே தூங்கிப்போனாள். சுகுணா அவளுக்குத் தலையணை எடுத்து வைத்துவிட்டு, ஒரு நாள் தூங்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை மணிமேகலை முதலில் எழுந்து வாசல் தெளித்து, மாமனாருக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருந்தாள். கொல்லைக்குப் போய் அவரோடு பூவும் பறித்தாள். பதினோரு நாளாக அவள் கொல்லைப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்து, தலையில் அடிபட்டு மூன்று மாதம் நினைவில்லாமல் கிடந்து எழுந்த ஒருவரைப் பற்றி பூ கமிஷன் கடையில் பேசிக்கொண்டார்கள் என்று சுகுணாவிடம் சொன்னாள். அவளிடம் சொல்வதற்கு அன்றும் சுகுணாவுக்கு வாய் வரவில்லை.

பள்ளியில் இருந்துகொண்டு அவள் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். வேறு பெரிய மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா, இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். கடைசியில், உண்மையிலேயே ஒன்றும் இல்லையா, கொஞ்சமாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஆங்கிலத்தில் 'எ லிட்டில்' என்று எழுதியபோது அந்த 'எ'யை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டாள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. விமானத்தில் ஏற்றும் நிலையில் அவர் இல்லை. வருந்துகிறோம். 'தேர் இஸ் லிட்டில் வி கேன் டு.'

வெள்ளிக்கிழமை இன்னாசிக்கு விடுமுறை. அன்று அவர் மருத்துவமனைக்குப் போய்விட்டு சுகுணாவுக்குக் கூப்பிட்டார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"அக்கா, மெசினு மூச்சு விடுது. தம்பி விடல. பாக்குறதா இருந்தா இப்பயே யாராச்சும் கெளம்பி வாங்க. நான் ஏர்போட்டுல வந்து கூட்டிக்கிறேன்."

வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம் என்று சுகுணா அவரிடம் கேட்டுக்கொண்டாள்.  அந்தப் பிள்ளை மணிமேகலைக்காவது சொல்லுங்கள் என்றார் அவர். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சுகுணா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவளுக்கு நேரம் இருந்தது. அதைப் பிற்பாடு அவளே பலமுறை நினைத்துப் பார்த்தாள். பயத்தில் வாய் வராமல் போனது முதல் இரண்டு நாள் மட்டும்தான். அதற்குப் பிறகு அவள் யோசித்துத்தான் முடிவெடுத்தாள். கணவன் இறக்கும்போது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். வீங்கிப் போய், வாயில் குழாயோடு கிடந்த அந்த முகம், அதற்கு முன்னால் இருந்த அவருடைய எல்லா முகங்களையும் அழித்துவிட்டது. கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தால்கூட அவளுக்கு யாரையோ பார்ப்பது போலத்தான் இருக்கும். மணிமேகலைக்கு அது வேண்டாம். இருபத்து நான்கு வயதுப் பெண், மொழி தெரியாத ஊருக்குத் தனியாகப் போய், குழாய்களுக்கு நடுவே அவனைப் பார்த்துவிட்டு வந்து என்ன ஆகப்போகிறது? எழுபத்தெட்டு நாள் பார்த்த முகமே அவளுக்கு இருக்கட்டும். இப்படி எண்ணி, ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் கம்பெனிக்கு இரண்டு வரி எழுதினாள். குடும்பத்தில் யாரும் வரும் நிலையில் இல்லை. எல்லா உதவிக்கும் நன்றி.

அதன் பிறகு பத்து நாள் அந்த வீட்டில் ஒரு மாதிரியான சுறுசுறுப்பு இருந்தது. மணிமேகலை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் போய், படுத்த படுக்கையாக இருப்பவரை எப்படிப் புரட்டுவது, முதுகில் புண் வராமல் எப்படித் துடைப்பது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். அறந்தாங்கியில் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் ஒன்றை விசாரித்து, சொந்தக்காரர் ஒருவரின் டாடா ஏஸில் ஏற்றிக் கொண்டுவரச் செய்தாள். நடு அறையில் அதைப் போட்டு, வெளிச்சம் முகத்தில் அடிக்குமா என்று தானே படுத்துப் பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னாசி போனை வசந்தின் காதில் வைத்தார். மணிமேகலை பேசினாள். ஆத்மநாதனும் சுகுணாவும் பக்கத்தில் இருந்தார்கள். கட்டில் வந்துவிட்டது என்று சொன்னாள். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைச் சரிசெய்துவிட்டதாகவும், இந்த மாதம் பூ நல்ல விலை போவதாகவும் சொன்னாள். "பயப்படாம இருங்க. நல்லாயிரும்னு டாக்டரு எழுதிருக்காரு. வெரல அசைச்சீங்கள்ல, அதே மாதிரி கொஞ்சங் கொஞ்சமா அசைங்க" என்றாள். சுகுணா எழுந்து அடுப்படிக்குப் போய் எதையோ எடுப்பது போல நின்றாள்.

இருபத்தாறாம் நாள், வியாழக்கிழமை காலை, பள்ளியில் வழிபாட்டுக் கூட்டம் நடக்கும்போது இன்னாசி கூப்பிட்டார். விடியற்காலையில் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லா வீட்டிலும் நடப்பவைதான். உடல் வர பன்னிரண்டு நாள் ஆனது. திருச்சி விமான நிலையத்தில் சரக்கு வாசல் பக்கம் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். பெட்டியைத் திறந்தபோது முகம் மட்டும் தெரிந்தது. மருந்து போட்டதில் கறுத்து, கன்னம் ஒட்டி, யாரோ ஒரு வயதானவர் போல இருந்தான். மணிமேகலை குனிந்து போர்வைக்குள் கையை விட்டு அவனுடைய இடது கையைத் தேடினாள். நீண்ட நேரம் வைக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னதால் பெட்டியை மூடிவிட்டார்கள். கை அவளுக்குக் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, வாரிசுச் சான்றுக்காக ஆலங்குடி தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. மனைவி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். சுகுணா தன் ஸ்கூட்டரில் மணிமேகலையைக் கூட்டிக்கொண்டு போனாள். மஸ்கட்டிலிருந்து வந்த காகிதங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இருந்தன. இறப்புச் சான்று, தூதரகக் கடிதம், மருத்துவமனைத் தாள்கள், கம்பெனி வாட்ஸ்அப்பில் அனுப்பியவற்றின் அச்சுப் பிரதிகள். முந்தின நாள் இரவு அவற்றை அடுக்கும்போது அந்த முதல் அறிக்கையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்று சுகுணாவுக்குத் தோன்றியது. பிறகு, இவ்வளவு ஆனபிறகு அதைப் போய் யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். நகல் எடுக்க அவள் எதிர்க் கடைக்குப் போன நேரத்தில் கோப்பு மணிமேகலையின் மடியில் இருந்தது.

சுகுணா திரும்பி வந்தபோது அவள் ஒரு தாளில் விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். சுகுணாவைப் பார்த்ததும் தாளை உள்ளே வைத்துக் கோப்பை மூடினாள். கூப்பிட்டபோது போய்க் கையெழுத்துப் போட்டாள். கிராம நிர்வாக அலுவலர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள்.

கொத்தமங்கலம் தாண்டியதும், பின்னாலிருந்து, "வண்டிய நிப்பாட்டுங்க டீச்சர்" என்றாள்.

சுகுணா சாலையோரம் நிறுத்தினாள். ஒரு பக்கம் சோளக் கொல்லை. மணிமேகலை இறங்கவில்லை. சுகுணாவும் திரும்பவில்லை.

"லிட்டில் ஹோப்னு இருக்கு. முன்னாடி 'எ' இல்ல."

சுகுணா கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தாள்.

"டைப் அடிச்சவங்க விட்டுட்டாங்களோன்னு பாத்தேன். ஆனா மேல வீக்கத்துக்கு 'எ லிட்டில்'னு சரியாத்தான் போட்ருக்காங்க. தெரிஞ்சவங்கதான் எழுதிருக்காங்க."

"ஆமா" என்றாள் சுகுணா.

"கீழ, ஒரு ஆளு வரலாம்னு இருக்கு. மூணு நாளுல கூட்டிக்கிருவோம்னு. எங்கிட்ட பாஸ்போட்டு இருந்துச்சே."

சுகுணா சொல்ல ஆரம்பித்தாள். நீ பதினோரு நாளாகச் சாப்பிடாமல் கிடந்தாய், அப்பாவுக்கு நெஞ்சு வலி, அந்த நிலைமையில் அவனைப் பார்த்தால் நீ தாங்க மாட்டாய் என்று நினைத்தேன் என்றாள். சொல்லும்போதே, வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை காரணம் சொல்வது போல அது தன் காதிலேயே விழுந்தது.

மணிமேகலை அதைக் கேட்டு முடித்தாள். "சாப்புடாட்டி என்ன, இன்னும் நாலு நாளு சாப்புடாம இருந்திருப்பேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "தஞ்சாவூர்ல ஒங்க வீட்டுக்காரரு செத்தப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இருந்தேன்."

"வர வேணாம்னு ஒங்கள யாராச்சும் சொன்னாங்களா?"

சுகுணா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அவுக காதுல நான் மோட்டாரப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்" என்றாள் மணிமேகலை. "பூ வெலையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன். போறாகன்னு தெரிஞ்சிருந்தா அதயா பேசியிருப்பேன்?"

அவள் குரல் உயரவில்லை. ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனது. அதன் புழுதி அடங்கியதும், போகலாம் என்றாள். சுகுணா வண்டியைக் கிளப்பினாள். வீடு வரைக்கும் மணிமேகலை அவள் மேல் படாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமனாரிடம் மணிமேகலை ஒன்றும் சொல்லவில்லை. துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்து, அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் மாமா என்றாள். அவள் சித்தப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். கட்டில் நடு அறையிலேயே கிடந்தது. அவள் போன பிறகு சுகுணா அப்பா எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அறிக்கையில் என்ன எழுதியிருந்தது, தான் என்ன சொன்னாள், கம்பெனிக்கு என்ன பதில் போட்டாள், இன்னாசி என்ன கேட்டார், எதையும் விடாமல் சொன்னாள். அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

ஆத்மநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்த்தா" என்றார். "நீ செருப்பக் கழட்டயிலயே ஒம் மொகத்தப் பாத்தேன். அவன் இல்லன்னு வெளங்கிருச்சு. வாயத் தொறந்து கேட்டா நீ சொல்லிருவன்னு நான் கேக்கல."

சுகுணா அவரைப் பார்த்தாள்.

"எனக்கும் அது வேண்டியிருந்துச்சு" என்றார் அவர். "நாம ரெண்டு பேரும் சேந்து அந்தப் புள்ளய ஏமாத்திட்டோம். ஒன்னைய மட்டும் சொல்லிக் குத்தமில்ல."

அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அந்தப் பத்து நாளும், மணிமேகலை கட்டில் வாங்க அலைந்ததையும் நர்ஸிடம் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்துக் காட்டியதையும் அவர் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தாள். தான் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அப்படித்தான்.

ஒரு மாதம் கழித்து சுகுணா கந்தர்வக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போனாள். அங்கிருந்து ஆட்டோவில் முந்திரிக்காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர். மணிமேகலையின் அம்மா உண்ணாமலை வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். அவளுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று அவள் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. மணிமேகலை உள்ளேயிருந்து வந்து எதிரில் நின்றாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். புதுக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் சுகுணா வந்திருந்தாள். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். அவள் தொடங்குவதற்குள் மணிமேகலை, "மதனி, எனக்கு இன்னாசி அண்ணன் நம்பரு வேணும்" என்றாள்.

அவள் தன்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை என்பது சுகுணாவுக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. போனை எடுத்து எண்ணைச் சொன்னாள். மணிமேகலை அதைத் தன் போனில் போட்டுக்கொண்டு, ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். பிறகு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவில்லை. சுகுணா உண்ணாமலை வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

டிசம்பரில் இன்னாசி விடுமுறைக்கு வந்தார். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் ஒரு மாலையில் கீரமங்கலத்துக்கு வந்து ஆத்மநாதனைப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த, ஒடிசலான ஆள். வசந்தின் கைக்கடிகாரம் அவரிடம் இருந்தது. அதைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். கந்தர்வக்கோட்டைக்குப் போய்விட்டு அங்கிருந்து வருவதாகச் சொன்னார். மணிமேகலை வரச் சொல்லியிருந்தாளாம். காலை பத்து மணிக்குப் போய், கிளம்ப மூன்று மணி ஆகிவிட்டதாம்.

சுகுணா அவரை பஸ் நிறுத்தம் வரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டாள். அறந்தாங்கி பஸ் வர நேரம் இருந்தது. கடைவாசலில் நின்று டீ குடித்தார்கள். அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அஞ்சு மணி நேரம் என்ன கேட்டா இன்னாசி?"

இன்னாசி டீக் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையுந்தான் கேட்டுச்சு அக்கா. எந்தப் பக்கமாப் படுத்திருந்தாரு, தாடி வளந்துருந்துச்சா, கால் சில்லுனு இருந்துச்சா, கடைசி ராத்திரி யாரு இருந்தா. நான் பாத்ததப் பாத்தேன்னு, பாக்காததப் பாக்கலன்னு உள்ளது உள்ளபடி சொன்னேன். ஒன்னுகூட மறைக்கல."

"அழுதாளா?"

"அது அந்தப் புள்ளைக்கும் எனக்கும் பேசுன பேச்சு அக்கா. அதுக்கு மேல என்னைய கேக்காதீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. சுகுணா சரி என்றாள். பஸ் வந்தது. இன்னாசி கையைக் குவித்துக் கும்பிட்டுவிட்டு ஏறினார். கூட்டத்தில் உள்ளே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பஸ் கிளம்பிப் போனதும் அவள் டீக்கடைக்காரரிடம் கிளாஸைக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு மாத்திரை வாங்க எதிர்ப்பக்கம் நடந்தாள்.